சீனர்களின் தேடலில் நம் தேயிலை: முகவருக்குப் பணம் கட்டும் முன்

கேள்வி: பண்டாரவளைக்கு அருகே எங்கள் குடும்பத்துக்குச் சிறிய தேயிலைத் தொழிற்சாலை ஒன்று உண்டு. சொந்தப் பெயரில் பொதி செய்து ஐரோப்பாவுக்கு அனுப்பி வருகிறோம். இப்போது சீனாவிலும் விற்க எண்ணுகிறோம். அங்குள்ள ‘பைடு’ தேடுபொறியில் எங்கள் இணையத்தளத்தை முதலிடத்துக்குக் கொண்டுவருவதாகச் சொல்லிக் கொழும்பில் ஒரு முகவர் 6,000 டொலர் கேட்கிறார். இதற்கிடையில், எங்கள் பெயரை வேறொரு நிறுவனம் சீன இணைய முகவரியாகப் பதியப்போகிறது என்று ஷாங்காயிலிருந்து ஒரு மின்னஞ்சலும் வந்திருக்கிறது. இரண்டுக்கும் பணம் கட்டத்தான் வேண்டுமா?

பதில்: மின்னஞ்சலை முதலில் தீர்த்துவிடுவோம், பதற்றத்தில் அதற்குப் பதில் அனுப்பிவிடுவீர்களோ என்பதே என் முதல் அச்சம். அது மோசடி. பல ஆண்டுகளாக ஒரே வார்ப்பில் வந்துகொண்டிருக்கும் கடிதம் அது. முகவரிகளைப் பதியும் அலுவலகம் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் ஒருவர், உங்கள் பெயரை ‘சிஎன்’, ‘ஏசியா’ என்று முடியும் முகவரிகளாகக் கேட்டு யாரோ விண்ணப்பித்திருப்பதாகவும், உங்களுக்கு ஆட்சேபம் இருந்தால் சில நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும் என்றும் மிகுந்த அக்கறையோடு எழுதுவார். இணைய முகவரியை எவர் முதலில் கேட்கிறாரோ அவருக்குக் கொடுப்பதே வழக்கம். வேறொரு நாட்டில் இருப்பவரைத் தேடிப் பிடித்துச் சம்மதம் கேட்கும் கடமை எந்தப் பதிவாளருக்கும் கிடையாது. நீங்கள் ஒரு வரி எழுதினால் போதும், தேவையில்லாத ஏழெட்டு முகவரிகளைப் பல மடங்கு விலைக்குப் பத்தாண்டுக் கட்டணமாக உங்கள் தலையில் கட்டிவிடுவார். அழித்துவிடுங்கள். ‘சிஎன்’ முகவரி வேண்டும் என்று என்றாவது தோன்றினால், நீங்களே ஒரு நேர்மையான பதிவாளரிடம் சாதாரண விலைக்கு வாங்கிக்கொள்ளலாம்.

இனி, கொழும்பு முகவர். அவர் முழுப் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லமாட்டேன். அவர் சொன்னதை ஒருவேளை செய்தும் காட்டுவார், சிக்கலே அங்கேதான் இருக்கிறது. உங்கள் நிறுவனத்தின் ஆங்கிலப் பெயரைப் பைடுவில் தட்டச்சு செய்து, உங்கள் தளம் முதலாவதாக வருவதைக் கைப்பேசியில் படம் பிடித்து அனுப்புவார். உலகில் வேறு எவருக்கும் இல்லாத ஒரு பெயரைத் தேடினால் அந்தப் பெயருக்கு உரியவர்தான் முதலில் வருவார். அதற்குப் பணம் எதற்கு? சீனாவில் உங்கள் பெயரை இன்று எவரும் தேடவில்லை. அவர்கள் தேடும் சொற்களில் நீங்கள் தென்படுகிறீர்களா என்பதுதான் கேள்வி.

அந்தச் சொற்களைப் பார்ப்போம். நாட்டின் பெயர் 1972இல் மாறியது. சீனர்களும் நாட்டைச் ‘சிலிலான்கா’ என்றுதான் அழைக்கிறார்கள். தேயிலை என்று வந்துவிட்டால் அவர்கள் வாயில் வருவது ‘ஷிலான்’, அதாவது பழைய சிலோன். சுற்றுலாவுக்கு ஒரு சொல், தேநீருக்கு வேறொரு சொல். இதை அறியாமல் மொழிபெயர்த்த தளம் ஒன்று, பயணம் போக விரும்புகிறவர்களைக் கூட்டிவந்து தேயிலைப் பொதியைக் காட்டிக்கொண்டிருக்கும். இதைவிடப் பெரிய குழி இன்னொன்று உண்டு. ஆங்கிலத்தில் கறுப்புத் தேநீர் எனப்படுவதைச் சீனர்கள் சிவப்புத் தேநீர் என்கிறார்கள்: ‘ஹொங்சா’. ‘ஹெய்சா’ என்று கறுப்புத் தேநீரும் அவர்களிடம் உண்டு. ஆனால் அது ஹூனான் மாகாணத்து அன்ஹுவா போன்ற ஊர்களில் புளிக்கவைத்துச் செய்யப்படும் முற்றிலும் வேறான பண்டம். அகராதியை வைத்துச் சொல்லுக்குச் சொல் பெயர்த்த ஒருவர், உங்கள் ஊவாத் தேயிலையை அந்தப் புளித்த தேயிலைக் கூட்டத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடுவார். முகவர் கொடுத்த சீனப் பக்கத்தைச் சீன மொழி அறிந்த ஒருவரிடம் காட்டி, அதில் ‘ஹெய்சா’ என்று எங்காவது இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். இருந்தால் அந்த முகவரோடு பேச்சை அத்தோடு முடித்துக்கொள்ளலாம்.

நம் தேயிலையைத் தேடுகிறவர்களில் கணிசமானோர் பால்தேநீருக்கு ஏற்ற தூளைத்தான் தேடுகிறார்கள். உலகின் நான்கு பெரும் சிவப்புத் தேநீர்கள் என்று ஒரு சொற்றொடரும் அங்கே புழங்குகிறது. சீனாவின் சீமென், டார்ஜிலிங், அசாம் ஆகியவற்றோடு சிலோனும் அதில் இருக்கிறது. இத்தகைய சொற்களில் தென்படுவதே பயன் தரும்.

அவர்கள் எங்கே தேடுகிறார்கள் என்பது அடுத்தது. கூகுள் 2010 மார்ச்சில் தன் சீனத் தேடலை ஹொங்கொங்குக்குத் திருப்பிவிட்டு வெளியேறியது. அதன்பின் பைடுவே தேடல் என்ற நிலை உருவானது உண்மைதான். ஆனால் பொருள் வாங்குகிறவர் பைடுவுக்குப் போவதில்லை. ‘தாவ்பாவ்’ என்ற இணையச் சந்தை 2008இலேயே பைடு தன் பக்கங்களுக்குள் நுழைவதைத் தடுத்துவிட்டது. ஆகவே வாங்க நினைப்பவர் நேராகச் சந்தைக்குள் போய்த் தேடவே பழகிவிட்டார். அனுபவம் கேட்க விரும்புகிறவர் ‘சியாவ்ஹொங்ஷு’ என்னும் செயலிக்குப் போகிறார். 2013இல் ஷாங்காயில் தொடங்கிய அது, வெளிநாட்டில் என்ன வாங்கலாம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் இடமாகப் பிறந்தது. காணொளியில் பார்க்க விரும்புகிறவர் ‘தௌயின்’ பக்கம் போகிறார். நிறுவனம் நம்பகமானதா என்று பார்க்க, ‘வீசாட்’ என்ற செய்திச் செயலிக்குள் தேடுகிறார். அண்மைக் காலத்தில் ‘டீப்சீக்’, ‘தௌபாவ்’ போன்ற செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடமும் கேட்கிறார்கள். அவற்றின் பதில்களில் உங்கள் பெயரைச் சேர்த்துத் தருவதாகப் புதுக் கூட்டம் ஒன்று கிளம்பியிருக்கிறது, அவர்களிடமும் கவனம் தேவை.

சியாவ்ஹொங்ஷுவில் தேடும் முறையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அங்கே பொருளின் பெயரோடு ‘பீலேய்’ என்ற சொல்லைச் சேர்த்துத் தேடுவது பரவலான வழக்கம். கண்ணிவெடியில் கால் வைக்காமல் தப்பிப்பது என்று அதற்குப் பொருள். அதாவது இந்தப் பொருளை வாங்கி ஏமாந்தவர் யாராவது உண்டா என்று முதலில் பார்க்கிறார்கள். ஒன்றின்மேல் ஆசையை விதைக்கும் பதிவுக்குப் ‘புல் நடுதல்’ என்று பெயர். முகவர்கள் புல் நடுவதைப் பற்றி மட்டும் உங்களிடம் பேசுவார்கள். காசு கொடுத்து எழுதுவிக்கும் கூட்டத்துக்கு அங்கே ‘நீர்ப்படை’ என்று பெயர். ஐம்பது பேர் ஒரே வாரத்தில் ஒரே குரலில் உங்கள் தேயிலையைப் புகழ்ந்தால் வாசகர் கண்டுகொள்வார், செயலியும் கண்டுகொள்ளும். இப்படிப் போலிப் பதிவுக்குத் தரகு செய்தவர்கள் மீது அந்நிறுவனமே 2022 தொடக்கத்தில் வழக்குத் தொடுத்தது.

பைடுவில் பணம் கொடுத்து மேலே வரலாம், மறுக்கவில்லை. ஆனால் அந்த இடத்தின் மதிப்பு முன்புபோல் இல்லை. 2016இல் வெய் ஜெசி என்ற 21 வயது மாணவர், பைடுவில் பணம் கொடுத்து இடம்பிடித்த ஒரு சிகிச்சை விளம்பரத்தை நம்பிப் போய், பயனின்றி இறந்தார். நாடே கொதித்தது. விளம்பர முடிவுகள் ஒரு பக்கத்தில் 30 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்று அரசு கட்டளையிட்டது. அவ்வாண்டு செப்டம்பர் முதல் அவற்றின் அருகே ‘விளம்பரம்’ என்று குறிப்பிடுவதும் கட்டாயமானது. அந்தச் சிறு சொல்லைப் பார்த்ததும் விரலை நகர்த்திவிடும் பழக்கம் அன்று முதல் வலுத்தது.

இப்போது, எவரும் உங்களிடம் சொல்லாத, ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னதான விஷயம்: உங்களுக்குச் சீன எழுத்தில் ஒரு பெயர் வேண்டும். ஆங்கில எழுத்தில் இருப்பதை வாசிக்கவும் நினைவில் வைக்கவும் தட்டச்சு செய்யவும் சாதாரண வாடிக்கையாளருக்குச் சிரமம். நீங்கள் வைக்காவிட்டால் அவர்களே ஒன்றை வைத்துவிடுவார்கள். அதை இன்னொருவர் பதிந்தும் விடுவார். சீனாவில் வணிகக் குறி, பயன்படுத்தியவருக்கு அல்ல, முதலில் விண்ணப்பித்தவருக்கே என்பது அடிப்படை விதி. நியூ பேலன்ஸ் காலணி நிறுவனம் தன் சீனப் பெயரை வேறொருவர் முன்பே பதிந்திருந்ததால் நீதிமன்றம் ஏறி, 2015இல் 9.8 கோடி யுவான் கட்டுமாறு தீர்ப்புப் பெற்றது. மேல்முறையீட்டில் அது 50 இலட்சமாகக் குறைந்தது. அவர்களால் தாங்க முடிந்தது, நம்மால் முடியாது. வணிகக் குறிப் பதிவில் பொருட்களை வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள்; தேயிலை 30ஆம் வகுப்பில் வருகிறது. ஒரு வகுப்புக்கு அரசுக் கட்டணம் 300 யுவான் மட்டுமே. வெளிநாட்டவர் அங்குள்ள அங்கீகரிக்கப்பட்ட முகமை வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்பதால் அவர்களுக்கும் கூலி கொடுக்க வேண்டியிருக்கும். அப்படியும் மொத்தச் செலவு உங்கள் முகவர் கேட்கும் தொகையில் ஒரு சிறு பங்குதான். விண்ணப்பதாரர் என்ற இடத்தில் உங்கள் நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா, ‘நாங்களே பார்த்துக்கொள்கிறோம்’ என்று சொன்னவரின் பெயர் இருக்கிறதா என்பதை நேரில் பாருங்கள்.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. என் வாடிக்கையாளர் ஒருவர், வாசனைப்பொருள் ஏற்றுமதியாளர், வீசாட்டில் தன் நிறுவனத்துக்குக் கணக்குத் தொடங்கும் வேலையை ஓர் இடைத்தரகரிடம் ஒப்படைத்தார். தரகர் தன் பெயரிலேயே கணக்கைத் தொடங்கினார். மூன்று ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த வாசகர்கள் அத்தனை பேரும், கட்டணத் தகராறு வந்த அன்று தரகருடன் போய்விட்டார்கள். வழக்குப் போட எந்த ஊர் நீதிமன்றத்துக்குப் போவது? இத்தனைக்கும் வெளிநாட்டு நிறுவனமே தன் சொந்தப் பதிவுச் சான்றிதழை வைத்து வீசாட்டில் சேவைக் கணக்குத் தொடங்க முடியும்; சரிபார்ப்புக் கட்டணம் ஆண்டுக்கு 99 டொலர். தொடங்குவது எளிது என்று நான் சொல்லவில்லை. முத்திரை சதுரமாக இருக்கிறது என்று ஒருமுறை, கையெழுத்து கடவுச்சீட்டோடு ஒத்துப்போகவில்லை என்று ஒருமுறை, காரணமே சொல்லாமல் ஒருமுறை என்று திருப்பி அனுப்புவார்கள். யாரிடம் கேட்பது என்பதற்கும் வழி இராது. இங்கே நம் பக்கத்திலோ, சீனச் சந்தை பற்றிய கருத்தரங்கு என்று அழைத்து, அங்கே 110 கோடிப் பேர் இணையத்தில் இருக்கிறார்கள் என்ற படத்தைக் காட்டி, தேநீர் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். ஒரு விண்ணப்பப் படிவத்தை நிரப்பக் கற்றுக்கொடுக்க ஓர் அரை மணி நேரம் ஒதுக்கினால் குறைந்துபோய்விடுமா? இந்த எரிச்சலில்தான் ஏற்றுமதியாளர் தரகர் வீட்டுப் படியேறுகிறார்.

தளத்தைப் பற்றிச் சுருக்கமாக. சீன நிலப்பரப்பில், அதாவது ஹொங்கொங் நீங்கலான சீனாவில், உள்ள சேவையகத்தில் தளத்தை வைக்க அரசின் பதிவெண் வேண்டும். அங்கே நிறுவனம் இல்லாத உங்களுக்கு அது கிடைக்காது. ‘எங்கள் எண்ணைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்’ என்று எவராவது சொன்னால் ஒதுங்கிவிடுங்கள். ஹொங்கொங் சேவையகத்துக்கு அந்த எண் தேவையில்லை. யூடியூப் காணொளி, கூகுள் வரைபடம், முகநூல் பெட்டி ஆகியவை அங்கே திறக்காது, அவற்றை எடுத்துவிடுங்கள். ‘உலகிலேயே சிறந்த தேயிலை’ என்று எங்கும் எழுதாதீர்கள். 2015 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த விளம்பரச் சட்டம் இத்தகைய உச்சச் சொற்களைத் தடை செய்கிறது, அபராதம் 2 இலட்சம் யுவானில் தொடங்குகிறது. சர்க்கரை நோய்க்கு நல்லது, கொழுப்பைக் கரைக்கும் என்பவையும் வேண்டாம்.

நான் இதுவரை சொன்னதில் பெரும்பகுதி ஓர் இடத்துக்குப் பொருந்தாது; அந்த இடம் உங்களுக்கு மிக முக்கியமானது என்பதால் விரித்துச் சொல்கிறேன். ஹொங்கொங்கில் கூகுள் திறக்கிறது, முகநூல் திறக்கிறது, வாட்ஸப் வேலை செய்கிறது. மக்கள் எழுதுவது பழைய, முழுமையான சீன எழுத்து. நிலப்பரப்பில் புழங்கும் எளிமையாக்கிய எழுத்தில் நீங்கள் விளம்பரம் போட்டால், இவர் நம்மை நினைத்து எழுதவில்லை என்று அவர்களுக்குப் பட்டுவிடும். வணிகக் குறிச் சட்டமும் பதிவும் தனி. பெய்ஜிங்கில் பதிந்தது அங்கே செல்லாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்நகரத்துப் பால்தேநீருக்கு அடித்தளமே சிலோன் தூள். பல தரங்களைக் கலந்து, துணிப்பையில் வடித்து, ஆவியாக்கிச் செறிவூட்டிய பாலில் ஊற்றும் அந்தக் கைத்திறனை, 2017இல் அவர்கள் தங்கள் மரபுரிமைப் பட்டியலிலேயே சேர்த்துக்கொண்டார்கள். அந்தக் கலவையைச் செய்து தேநீர்க் கடைகளுக்குக் கொடுக்கும் மொத்த வியாபாரிகள் அங்கே இருக்கிறார்கள். அவர்களுக்கு எந்தச் செயலியிலும் புல் நட வேண்டியதில்லை, முழுமையான சீன எழுத்தில் ஒரு பக்க விலைப்பட்டியலும் மாதிரிப் பொதியும் போதும். சிறு தொழிற்சாலைக்கு 110 கோடிப் பேரைத் துரத்துவதைவிட இந்தப் பத்துப் பன்னிரண்டு பேரை அணுகுவது எளிது. ஆனால் இதில் தரகு கிடைக்காது என்பதால் எந்த முகவரும் இதைச் சொல்லமாட்டார்.

நிலப்பரப்பில்தான் விற்க வேண்டும் என்றால், 2022 ஜனவரி முதல் கட்டாயமாகியுள்ள சீனச் சுங்கத் துறையின் தொழிற்சாலைப் பதிவு கையில் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாமல் விளம்பரம் செய்வது வீண். அதன்பின் பெயர், பெயருக்கு வணிகக் குறி, உங்கள் பெயரிலேயே வீசாட் கணக்கு, சியாவ்ஹொங்ஷுவில் உண்மையாகக் குடித்தவர்களின் சில பதிவுகள் என்ற வரிசையில் போங்கள். பைடு கடைசியில் வரட்டும்.

கொழும்பு முகவரிடம் இரண்டு கேள்விகளை எழுத்தில் கேளுங்கள். எந்தச் சீனச் சொற்களுக்கு எங்களை மேலே கொண்டுவருவீர்கள்? விளம்பரக் கணக்கு யார் பெயரில் இருக்கும், நாங்கள் கட்டும் தொகையில் பைடுவுக்குப் போவது எவ்வளவு? சீன விளம்பர முகமைகளுக்குப் பைடு போன்ற இணைய மேடைகளிலிருந்து ‘ஃபான்தியன்’ என்ற கழிவுப் பணம் திரும்பி வருவது அத்துறையில் எல்லோரும் அறிந்ததே. அதை உங்கள் கணக்கில் காட்டுவாரா என்றும் சேர்த்துக் கேட்கலாம். முதல் கேள்விக்கு உங்கள் ஆங்கிலப் பெயரையே பதிலாக எழுதி அனுப்பினால், காசோலையில் கையெழுத்து வைக்காதீர்கள்.