நாள்பட்ட நோய்களில் தனிநபருக்கேற்ற மருத்துவம் உண்மையில் எங்கே பயன்படுகிறது?

ஒருவருடைய மரபணுக்களைப் பார்த்து அவருக்கென்றே சிகிச்சையை வகுக்கும் மருத்துவம் சர்க்கரை நோய், இதய நோய் போன்றவற்றைத் தடுக்குமா, அதற்காக எல்லோரும் முழு மரபணுப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். மருந்தியல் கற்பிப்பவன் என்ற முறையில் நான் பார்ப்பது ஒன்றைத்தான்: பரிசோதனையின் முடிவு சிகிச்சையையோ கண்காணிப்பையோ மாற்றுமா? மாற்றும் என்றால் அது மிகுந்த பயனுள்ளது, இல்லையென்றால் அவசியமில்லை.

மாற்றும் இடங்கள் இருக்கின்றன. இளம் வயதிலேயே தொடங்கி, தலைமுறைதோறும் தொடரும் சர்க்கரை நோயில் ஒரு சிறு பகுதி ஒற்றை மரபணுவின் பிறழ்வால் வருவது. பிறழ்வு எச்.என்.எஃப்.1 ஆல்ஃபா மரபணுவில் இருந்தால், முதல் வகைச் சர்க்கரை நோய் என்று கருதப்பட்டு இன்சுலின் போட்டுக்கொண்டிருந்தவர்களில் பலர், மருத்துவர் கண்காணிப்பில் குறைந்த அளவு சல்ஃபோனைல்யூரியா மாத்திரைக்கு மாறிவிட முடிகிறது. குளுக்கோகைனேஸ் மரபணுவில் இருந்தால், இரத்தச் சர்க்கரை ஆயுள் முழுவதும் சற்றே கூடுதலாக இருக்குமே தவிர, கர்ப்ப காலம் நீங்கலாகப் பெரும்பாலும் மருந்தே தேவைப்படுவதில்லை. தேவையற்ற மருந்திலிருந்து ஒருவரை விடுவிப்பதும் இந்த மருத்துவத்தின் பெரிய பயன் என்றே நான் கருதுகிறேன்.

மருந்து உடலில் வேலை செய்யும் விதமும் ஆளுக்கு ஆள் மாறுபடும். இதய இரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு இரத்தம் உறையாமல் தடுக்கத் தரப்படும் குளோபிடோக்ரெல் என்ற மருந்து, கல்லீரலில் உள்ள சி.ஒய்.பி.2சி19 என்ற நொதி அதை மாற்றிய பிறகே செயல்படத் தொடங்குகிறது. அந்த நொதி பிறவியிலேயே செயலற்றவர்களுக்கு மருந்து தரும் பாதுகாப்பு குறைந்துவிடுகிறது என்பதால், அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2010-ல் இதற்கென மிகக் கடுமையான எச்சரிக்கையைச் சேர்த்தது. இத்தகையவர்களுக்கு மாற்று மருந்துகள் உள்ளன.

தடுப்பைப் பொறுத்தவரை, பரம்பரை உயர் கொழுப்பு நோயைத்தான் முதலில் சொல்வேன். ஏறத்தாழ 250 பேரில் ஒருவருக்கு இருக்கும் இந்நோயில், கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல். கொழுப்பு பிறவியிலிருந்தே உயர்ந்திருக்கும். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வருவதற்குப் பாதி வாய்ப்பு உண்டு. ஒருவரிடம் கண்டறிந்ததும் அவருடைய உடன்பிறந்தோரையும் பிள்ளைகளையும் பரிசோதித்து, உரிய வயதில் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் மருந்தைத் தொடங்கினால், இளம் வயது மாரடைப்புகள் பலவற்றைத் தவிர்க்கலாம்.

ஆனால் பெரும்பாலோருக்கு வரும் இரண்டாம் வகைச் சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் காரணம் ஒற்றை மரபணு அன்று. மிகச் சிறு விளைவுடைய நூற்றுக்கணக்கான மரபணு வேறுபாடுகளும் வாழ்க்கை முறையும் சேர்ந்து அவற்றை உண்டாக்குகின்றன. அந்த வேறுபாடுகளைக் கூட்டி, நோய் வரும் வாய்ப்பைக் கணக்கிடும் இடர் மதிப்பெண்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரின் தரவுகளிலிருந்து உருவானவை. மற்றவர்களுக்கு அவற்றின் துல்லியம் குறைவு. இது அறிவியல் குறை மட்டுமன்று, நியாயம் சார்ந்த குறையும்கூட.

மரபணுவைத் தொடாமலேயே சிகிச்சையைத் தனிநபருக்கு ஏற்ப அமைக்க முடியும் என்பதை, 2002-ல் வெளியான அமெரிக்கச் சர்க்கரை நோய்த் தடுப்பு ஆய்வு காட்டியது. சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்தவர்களிடம், எடைக் குறைப்பும் உடற்பயிற்சியும் நோய் வருவதை 58 சதவீதமும், சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் மாத்திரை 31 சதவீதமும் குறைத்தன. இது சராசரிக் கணக்கு. பிரித்துப் பார்த்தால், 60 வயதைத் தாண்டியவர்களுக்கு வாழ்க்கை முறை மாற்றம் மிகச் சிறப்பாகப் பலனளித்தது, மெட்ஃபார்மின் அவ்வளவாக உதவவில்லை. மிகுந்த உடல் பருமன் உள்ளவர்களுக்கோ மாத்திரையும் ஏறக்குறைய வாழ்க்கை முறை மாற்றத்துக்கு இணையான பலனைத் தந்தது.

ஆகவே, முழு மரபணுப் பரிசோதனைக்குச் செலவிடும் முன், இரத்த உறவினரில் யாருக்கு, எந்த வயதில், என்ன நோய் வந்தது, உங்களுக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்பவற்றை எழுதி மருத்துவரிடம் கொடுங்கள். எந்த மரபணுவைப் பார்க்க வேண்டும், பார்க்கவே வேண்டுமா என்பதை அவர் பெரும்பாலும் அதிலிருந்தே முடிவு செய்துவிடுவார்.