மூன்றாம் லெவல் மந்திரவாதி ஃபயர்பால் வீசலாமா?

கேள்வி: நண்பர்களோடு சில வருடங்களாக டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறேன், ஆளுக்கொரு பாத்திரமாகிப் பகடை உருட்டி ஆடும் கதை ஆட்டம் அது. அதில் நடந்த கதையை இப்போது நாவலாக எழுதுகிறேன். படித்துப் பார்த்த ஆட்டக்கார நண்பர், "உன் மந்திரவாதி மூன்றாம் லெவல்தானே, அவனால் எப்படி ஃபயர்பால் வீச முடியும்?" என்கிறார். ஆட்டமே தெரியாத என் அக்கா, "முதல் சண்டையில் எல்லாரையும் தூங்க வைத்தவன் அடுத்த சண்டையில் ஏன் சும்மா நிற்கிறான்?" என்று கேட்கிறார். விதிகளை எவ்வளவு தூரம் பின்பற்றுவது?

பதில்: முதலில் அக்காவுக்குப் பதில் தேடுங்கள். நண்பர் சொல்வது சரிதான். ஆட்ட விதிகளின் ஐந்தாம் பதிப்பின்படி மந்திரவாதிக்கு ஃபயர்பால் என்ற நெருப்புப் பந்து மந்திரம் ஐந்தாம் லெவலில்தான் கிடைக்கும். அதைச் சரிசெய்ய வழி இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன். ஆனால் அக்கா கேட்பது கதையின் அஸ்திவாரத்தை. ஆட்டத்தில் மந்திரவாதி ஒரு நாளைக்கு இத்தனை மந்திரம்தான் சொல்லலாம் என்று விதி இருக்கிறது. அவன் அன்றைக்கு உரியதைச் செலவழித்துவிட்டான் என்பது உங்களுக்குத் தெரியும், உங்கள் பக்கங்களுக்குத் தெரியவில்லை.

விதியில் வரும் எண்கள் ஆட்ட மேஜைக்கு உரியவை, அவற்றை அங்கேயே விட்டுவிடலாம். ஆனால் அந்த விதி போடும் தடையையும் கேட்கும் விலையையும் நாவலுக்குள் கண்டிப்பாகக் கொண்டுவர வேண்டும். கதையில் பதற்றம் அங்கிருந்துதான் பிறக்கிறது.

இன்னொன்று, இந்த விதியே ஒரு கதையிலிருந்து வந்ததுதான். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974-இல் இந்த ஆட்டத்தை வெளியிட்டபோது, மந்திரத்துக்கான விதியை ஜாக் வான்ஸின் கதைகளிலிருந்து எடுத்தார்கள். 1950-இல் புத்தகமாக வந்த அந்தக் கதைகளில், மந்திரவாதி மந்திரத்தைப் பாடுபட்டு மனதில் ஏற்றிக்கொள்வான். ஒரு தடவை சொன்னதும் அது நினைவிலிருந்தே அழிந்துவிடும். ஒரு மனிதன் தன் தலையிலிருந்து ஒன்றை இழக்கிற அனுபவம் அது. ஆட்டத்தில் அது கணக்காக மாறியது. நீங்கள் அந்தக் கணக்கை மறுபடி அனுபவமாக்க வேண்டும். மார்கரெட் வெய்ஸும் ட்ரேஸி ஹிக்மனும் இந்த ஆட்டத்தை ஒட்டி 1984-இல் தொடங்கிய டிராகன்லான்ஸ் நாவல்களில் இதைச் செய்து காட்டினார்கள். அதில் வரும் மந்திரவாதி ரைஸ்ட்லின் நோஞ்சான் உடம்புக்காரன். மந்திரம் சொன்னதும் துவண்டுபோவான், மறுபடி புத்தகத்தை எடுத்துப் படித்தால்தான் அது திரும்ப வரும். விதிப் புத்தகத்தைத் தொட்டே பார்க்காதவர்களுக்கும் அவனுடைய எல்லை எதுவென்று புரிந்தது.

உங்கள் தூக்க மந்திரத்தையே எடுத்துக்கொள்வோம். 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பு விதிப்படி அதற்கு ஒரு சிட்டிகை மெல்லிய மணல், ரோஜா இதழ்கள் அல்லது ஒரு சில்வண்டு வேண்டும். எட்டுப் பக்கப் பகடை ஐந்தை உருட்டி, வரும் கூட்டுத்தொகை அளவுக்கு ஹிட் பாயிண்ட் (ஒருவர் எவ்வளவு அடி தாங்குவார் என்ற எண்) உள்ளவர்கள் தூங்குவார்கள், குறைவாக உள்ளவர் முதலில். நாவலில் "27 பாயிண்டுக்கு மூன்று பேர் விழுந்தார்கள்" என்று எழுத முடியாது. ஆனால் இப்படி எழுதலாம்:

விரலிடுக்கில் இருந்த மணல் சரிந்தது. முதலில் நாய் தலையைக் கால்மேல் வைத்தது. பிறகு மீசை முளைக்காத காவலன் சுவரோடு சரிந்தான். கிழவன் மட்டும் ஈட்டியை ஊன்றிக்கொண்டு கண்ணைக் கசக்கினான். அவன் விழவில்லை.

பலவீனமானவர் முதலில் விழுவார், பலசாலி மிஞ்சுவார் என்ற விதி முழுக்க இதில் இருக்கிறது. எண் ஒன்றுகூட இல்லை. பையில் மணல் தீர்ந்துவிட்டதென்று முன்கூட்டியே ஒரு வரி போட்டுவையுங்கள், அக்கா அந்தக் கேள்வியைக் கேட்கவே மாட்டார்.

ஹிட் பாயிண்ட் விஷயத்தில்தான் புதிதாக எழுதுபவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். எட்டு வெட்டு வாங்கியவன் எழுந்து ஓடுவதை ஆட்டத்தில் யாரும் கேள்வி கேட்பதில்லை, நாவலில் அது நம்பும்படி இருக்காது. ஹிட் பாயிண்ட் என்றால் உடம்பில் படும் காயம் மட்டும் அல்ல, திறமையும் அதிர்ஷ்டமும் அதில் சேர்த்தி என்று கைகாக்ஸே 1979-இல் விளக்கியிருக்கிறார். அதனால் முதல் ஏழு அடிகளை மூச்சிரைப்பாகவும் வழுக்கும் காலாகவும் உடைந்த கேடயமாகவும் எழுதுங்கள். எட்டாவதில் ரத்தம் வரட்டும்.

இறந்தவரை எழுப்பும் மந்திரம் இதைவிட ஆபத்தானது. ஐந்தாம் பதிப்பில் அதற்கு 500 பொற்காசு மதிப்புள்ள வைரம் வேண்டும், இறந்து 10 நாளுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. பணமும் குருமாரும் இருந்தால் சாவுக்கு அர்த்தமே போய்விடும். அப்புறம் வாசகர் யாருக்காகவும் அழ மாட்டார். ஆனால் அதே விதியில் இன்னொரு நிபந்தனையும் இருக்கிறது: ஆன்மா திரும்பிவரச் சம்மதிக்க வேண்டும். வைரம் கையில் இருந்தும் வர மறுக்கிற ஒரு தோழியை எழுதிப் பாருங்கள்.

எந்தப் பதிப்பு என்பதை இன்றே முடிவு செய்துவிடுங்கள். மேலே சொன்ன தூக்க மந்திரமே 2024 பதிப்பில் ஆளே மாறிவிட்டது. விதி மாறும்போது அதிகாரப்பூர்வ நாவல்களே தடுமாறியிருக்கின்றன. 1989-இல் இரண்டாம் பதிப்பு ஆட்டக்காரர் தேர்ந்தெடுக்கும் பாத்திர வகைகளிலிருந்து கொலையாளியை நீக்கியபோது, ஆட்டத்தின் கதை உலகங்களில் ஒன்றான ஃபர்காட்டன் ரெல்ம்ஸில் கொலையாளிகள் எல்லாரும் ஒரே வீச்சில் செத்ததாகக் கதை கட்ட வேண்டியிருந்தது. உங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. 2023 ஜனவரியில் ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித்தொகுப்பு (5.1) கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற பொதுப் பயன்பாட்டு உரிமத்தில் வெளியானது. உரிமத்தின்படி மூலத்தைக் குறிப்பிட்டு அதைப் பயன்படுத்தலாம். ஆட்டத்தை வெளியிடும் நிறுவனத்தின் உலகங்களும் அவர்களுடைய நாயகர்களும் அதில் சேராது, அவற்றை வைத்து வெளியிட அனுமதி வாங்க வேண்டும். உங்கள் சொந்த உலகமென்றால் கவலையில்லை.

சரி, நண்பரின் ஃபயர்பால். அதை மந்திரச் சுருளாக, அதாவது மந்திரம் எழுதிய ஓலையாகக் கொடுத்துவிடுங்கள். தன் தகுதிக்கு மேற்பட்ட மந்திரத்தை மந்திரவாதி சுருளிலிருந்து படிக்க முயலலாம் என்று 2014 விதியே சொல்கிறது. தவறினால் எழுத்து சுருளிலிருந்து மறைந்துவிடும். இருப்பது ஒரே சுருள், அதில் பாதி எழுத்து அவனுக்குப் பிடிபடவில்லை. நெருப்பு வெடித்தால் 20 அடி ஆரத்துக்கு மூலை திரும்பியும் பாயும், நண்பர்கள் நிற்பது 15 அடியில். இந்தக் காட்சியை எழுதி இருவரிடமும் கொடுங்கள்.