மகளுக்கு முதல் கார்: கையில் இருக்கும் பணம் முழுவதையும் விலையில் கொட்டாதீர்கள்

கேள்வி: என் மகளுக்கு 19 வயது. லைசென்ஸ் எடுத்து நான்கு மாதம் ஆகிறது. கல்லூரி வீட்டிலிருந்து 22 கிலோமீட்டர், பஸ் நேரம் ஒத்துவரவில்லை. என்னால் முடிந்தது 2 லட்சம் ரூபாய். 2013 மாடல் ஆல்டோ 800 ஒன்று பார்த்திருக்கிறோம். இரண்டாவது ஓனர், 62,000 கிலோமீட்டர், புதிதாகப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். 1.85 லட்சம் சொல்கிறார்கள். “எஞ்சின் கும்முனு இருக்கு சார்” என்கிறார் புரோக்கர். வாங்கலாமா? வாங்கினால் என்ன வேலை பார்க்க வேண்டியிருக்கும்? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: அந்த விலைக்கு வேண்டாம். 1.85 கொடுத்துவிட்டால் உங்கள் கையில் மிஞ்சுவது 15,000. பெயர் மாற்றமும் இன்சூரன்ஸும் அதில் பாதிக்கு மேல் தின்றுவிடும். டயருக்கும் பிரேக்குக்கும் பணம் இருக்காது. ஆனால் ஓட்டப் பழகி நான்கு மாதமான பிள்ளைக்கு எஞ்சினைவிட அவைதான் முக்கியம். பல வருடம் ஓட்டியவர் தூரத்திலேயே ஆடு குறுக்கே வருவதைப் பார்த்து ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவார். புதிதாக ஓட்டுபவர் கடைசி நொடியில்தான் பிரேக்கை ஓங்கி மிதிப்பார். அந்த ஒரு மிதிக்கு வண்டி இழுக்காமல், வழுக்காமல் நேராக நிற்க வேண்டும். அதனால் 2 லட்சத்தில் வண்டிக்கு 1.5 அல்லது 1.55 வரைதான். மிச்சத்தைத் தொடாமல் வையுங்கள்.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. என் பட்டறைக்கு வரும் ஒருவர், மகனுக்கு வண்டி வாங்கிக் கொடுத்துவிட்டுக் கையில் காசில்லாமல் “டயர்ல பட்டன் இருக்கே, அடுத்த மாசம் பார்க்கலாம்” என்றார். பட்டன், அதாவது டயர் மேலுள்ள ரப்பர் வரிகள், இருந்தது உண்மைதான். ஆனால் அந்த டயர்கள் தயாராகி ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. மூன்றாவது வாரம் பைபாஸில் முன் டயர் வெடித்தது. பையன் பிழைத்தான். அன்று அந்த வண்டியை இழுத்து வந்தபோது நான் பார்த்த அந்தத் தகப்பனின் முகம் இன்னும் மறக்கவில்லை.

டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு எண்கள் இருக்கும். 2317 என்றால் 2017-ம் ஆண்டின் 23-வது வாரம் தயாரானது என்று அர்த்தம். ஆறு வருடத்தைத் தாண்டியிருந்தால், பட்டன் எவ்வளவு இருந்தாலும் மாற்றுங்கள். ஸ்டெப்னியையும் சேர்த்துப் பாருங்கள்.

இனி அந்தப் பெயிண்ட். விற்கப்போகிற வண்டிக்கு யாரும் பாசத்தினால் பெயிண்ட் அடிப்பதில்லை. வெயிலில் நிறம் மங்கியதற்காக அடித்திருந்தால் கவலையில்லை, அடிபட்டதை மறைக்க அடித்திருந்தால் அந்த வண்டியே வேண்டாம். கண்டுபிடிப்பது சுலபம். ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தத்தைக் கைக்குட்டையில் சுற்றி, கதவு, பக்கவாட்டுத் தகடு, மேற்கூரையைத் தாங்கும் தூண் எல்லாவற்றிலும் வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் உள்ளே பள்ளத்தை நிரப்பும் பட்டி அப்பியிருக்கிறது. பானெட்டையும் கதவுகளையும் பிடித்திருக்கும் போல்ட் தலைகளில் ஸ்பானர் பட்ட தழும்பு இருக்கிறதா பாருங்கள். கதவோர ரப்பர் பீடிங்கை மெல்ல இழுத்தால், தகடுகள் சேருமிடத்தில் கம்பெனி வெல்டிங் வட்ட வட்டமாக ஒரே சீரான இடைவெளியில் தெரியும். அது கோணல்மாணலாக இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். முன்பக்க பம்பர் உரசியதோ கதவு சொட்டையானதோ பெரிய குறை இல்லை. வண்டியின் அடிச்சட்டமான சேசிஸ் நேராக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வெள்ளத்தில் நின்ற வண்டியா என்பதையும் பாருங்கள். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் எத்தனையோ கார்கள் முழுகின. அப்படிப்பட்ட வண்டிகள் வெளியூர்களுக்கும் விலைக்குப் போகும். சீட் பெல்ட்டைக் கடைசிவரை வெளியே இழுங்கள். விற்பவர்கள் சீட் உறையை மாற்றுவார்கள், பெல்ட்டின் அடிப்பகுதியை யாரும் கழுவுவதில்லை. அங்கே சேற்றுக் கோடு இருந்தாலோ, சீட்டுக்கடியிலுள்ள தண்டவாளம் துருவேறியிருந்தாலோ வண்டி தண்ணீர் குடித்திருக்கிறது. வயரிங் கோளாறு வாழ்நாள் முழுக்கத் தொடரும்.

எஞ்சினைப் பார்க்கக் காலையிலேயே போங்கள். “நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதீங்க” என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள். குளிர்ந்த எஞ்சின் ஒரே செல்ஃபில் எடுக்க வேண்டும். தொடர்ந்து நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது, எஞ்சின் வேலை காத்திருக்கிறது. ஆயில் மூடியின் உட்புறம் மோர் நுரைபோல் படிந்திருந்தால் எஞ்சினுக்குள் ஆயிலும் தண்ணீரும் கலக்காமல் அடைக்கும் ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். பிறகு ஏ.சி. போட்டு அரை மணி நேரம் ஓட்டுங்கள், வெப்பமானி முள் இருந்தால் அது நடுவைத் தாண்டக் கூடாது, இல்லையென்றால் எஞ்சின் சூட்டு எச்சரிக்கை விளக்கு எரியக் கூடாது. நான்காவது கியரில் 40-ல் போகும்போது ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் பிளேட் தேய்ந்துவிட்டது. காலியான சாலையில் பிரேக்கை அழுத்தமாகப் பிடியுங்கள். ஒரு பக்கம் இழுத்தால் பிரேக்கிலோ முன் சக்கரத்திலோ குறை. வண்டியை நிறுத்தி, எஞ்சின் ஓடும்போதே பிரேக் மிதியை அழுத்திப் பிடித்திருங்கள். மிதி மெல்ல மெல்லக் கீழே இறங்கினால், மிதியின் அழுத்தத்தைச் சக்கரங்களுக்கு அனுப்பும் மாஸ்டர் சிலிண்டர் போயிருக்கலாம், அல்லது எங்கோ பிரேக் ஆயில் கசிகிறது.

62,000 என்ற எண்ணையும் அப்படியே நம்ப வேண்டாம். பிரேக் மிதியின் ரப்பர் வழவழவென்று தேய்ந்து, ஸ்டீயரிங் கறுத்துப் பளபளத்தால் அந்த எண் பொய். கம்பெனி சர்வீஸ் சென்டரில் பழைய பில்களைக் கேட்டு வாங்குங்கள்.

ஒரு விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியக் கார்கள் ஐந்தை மோதவைத்துச் சோதித்தது: ஆல்டோ 800, ஐ10, நானோ, ஃபிகோ, போலோ. ஏர்பேக் இல்லாத அந்த ஐந்துக்கும் பெரியவர்கள் பாதுகாப்பில் பூஜ்ய ஸ்டார்தான். ஆனால் ஃபிகோ, போலோ இரண்டின் கூடும் உடைந்து உள்ளே வராமல் நின்றது. இரண்டு ஏர்பேக் வைத்த போலோ நான்கு ஸ்டார் வாங்கியது. உங்கள் மகள் போகும் வழி நான்குவழிச் சாலை என்றால், அதே பணத்தில் ஏர்பேக், ஓங்கி மிதித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். இரண்டும் உள்ள ஃபிகோ டைட்டானியம் ரகப் பெட்ரோல் வண்டி கிடைக்கிறதா என்று தேடிப் பார்ப்பேன். ஃபிகோவைத் தயாரித்த ஃபோர்டு இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்திவிட்டதால் விலை இறங்கியிருக்கிறது. அந்த வண்டி தெரிந்த மெக்கானிக் உங்கள் பக்கத்தில் இருக்கிறாரா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். ஊர்ச் சாலையில் 50-க்குள் போய்வரத்தான் என்றால் ஆல்டோ போதும். எளிதாகத் திருப்பலாம், உதிரிப் பாகம் சின்ன ஊரிலும் கிடைக்கும். ஓட்டுநர் ஏர்பேக் எல்லாக் கார்களிலும் கட்டாயமானது 2019 ஜூலையில்தான். பழைய வண்டியில் ஏர்பேக் இருக்கிறது என்றால் சாவியைத் திருப்பிப் பாருங்கள்: அதன் விளக்கு எரிந்து சில நொடியில் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் யாரோ பிடுங்கியிருக்கிறார்கள்.

வாங்கிய பிறகு பார்க்க வேண்டிய வேலைக்கு வருகிறேன். முதல் வாரமே எஞ்சின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், கூலன்ட், பிரேக் ஆயில் ஐந்தையும் மாற்றிவிடுங்கள். முன் பிரேக் பேட், பின் பிரேக் ஷூ இரண்டையும் கழற்றிப் பார்த்து, பாதி தேய்ந்திருந்தாலும் புதிது போடுங்கள். எஞ்சினின் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூடவைப்பது, ஆல்டோ 800-ல் டைமிங் பெல்ட், செயின் இல்லை. மாற்றியதற்குப் பில் காட்டவில்லை என்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொண்டு, அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரோடு மாற்றுங்கள். அது ஓடும்போது அறுந்தால் வண்டி நடுவழியில் செத்துவிடும். முன் சக்கரங்களைத் தாங்கித் திருப்பும் லோயர் ஆர்ம் புஷ், டை ராட் முனை ஆட்டம் காண்கிறதா என்று தூக்கி ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகுதான் வீல் அலைன்மென்ட். நான்கு டயரும் சேர்த்து 35,000-க்குள் முடித்துவிடலாம்.

கண்ணாடி, கதவு, வைப்பர் மோட்டார், லைட் போன்றவற்றைச் சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிப் பாகக் கடைகளில் பழையதாக வாங்குவதில் தப்பே இல்லை. பிரேக், டயர், பெல்ட், ஸ்டீயரிங் சம்பந்தப்பட்டது எதையும் பழையதாக வாங்காதீர்கள். வயரை வெட்டி ஒட்டும் கூடுதல் லைட்டும் மியூசிக் சிஸ்டமும் இப்போது வேண்டாம். பழைய வயரிங்கில் ஷார்ட் ஆவது பெரும்பாலும் அந்த ஒட்டுகளில்தான்.

காகித வேலையில் அவசரப்படாதீர்கள். 2013 பதிவு என்றால் ஆர்.சி. 2028 வரைதான். அதன்பிறகு எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று) காட்டி ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும், செலவும் கூடும். விலை பேசும்போது இதைச் சொல்லுங்கள். அரசின் எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டு இன்சூரன்ஸ், வங்கிக் கடன், நிலுவை அபராதம் பாருங்கள். கடன் இருந்திருந்தால் வங்கியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. கையெழுத்து வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டு ஓட்டுவது பெரிய தவறு. விபத்து நடந்தால் பழைய ஓனர், நீங்கள் இருவருமே அலைவீர்கள். 14 நாளுக்குள் இன்சூரன்ஸையும் மாற்றுங்கள்.

வண்டியை யார் பெயரில் பதிவது என்று பலர் யோசிப்பதில்லை. கட்டாயத் தனிநபர் விபத்துக் காப்பீடு 15 லட்சம், ஓட்டுபவரே பதிவு பெற்ற ஓனராக இருந்தால்தான் அவருக்குக் கிடைக்கும். உங்கள் பெயரில் பதிந்து மகள் ஓட்டினால் அந்தக் காப்பு அவருக்கு இல்லை. அவர்தான் தினமும் ஓட்டப்போகிறார், அவர் பெயரிலேயே பதியுங்கள்.

வண்டி பார்க்கப் போகும்போது மகளையும் கூட்டிப்போங்கள். சீட்டை முன்னால் தள்ளி உட்கார்ந்தால் கிளட்ச் முழுசாக மிதிபடுகிறதா, பானெட் தாண்டிச் சாலை தெரிகிறதா என்று அவரே பார்க்கட்டும். வண்டி வீட்டுக்கு வந்த முதல் ஞாயிறு, டிக்கியிலிருந்து ஜாக்கியையும் வீல் ஸ்பானரையும் எடுத்துக் கொடுத்து, நீங்கள் கை வைக்காமல் பக்கத்தில் நின்று ஸ்டெப்னி மாற்றச் சொல்லுங்கள். போல்ட் இறுகிக் கிடந்தால் அது நடுரோட்டில் தெரிவதைவிட வீட்டு வாசலில் தெரியட்டும்.