ஒரு சிறு தொழிலுக்கு மிஷன் ஸ்டேட்மென்ட் எழுதுவது எப்படி?

வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுக்கத் தொடங்கியிருக்கிறீர்கள். வங்கிக் கடனுக்கான திட்ட அறிக்கையில் மிஷன் ஸ்டேட்மென்ட், அதாவது தொழிலின் நோக்கத்தைச் சொல்லும் ஓரிரு வரி, என்று ஓர் இடம் இருக்கிறது, அதில் என்ன எழுதுவது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கோவையில் எட்டு வருடமாக இட்லி மாவு அரைத்து விற்கிறேன். எனக்கும் இதே கேள்வி வந்தது.

எனக்கு அறிக்கை தயாரித்தவர் "தரமே எங்கள் தாரக மந்திரம், வாடிக்கையாளர் திருப்தியே எங்கள் இலட்சியம்" என்று எழுதிக் கொடுத்தார். கடன் கிடைத்தது. அந்த வரியைச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டினேன்.

மூன்றாவது வருடம், சித்திரை வெயில். காலையில் அரைத்த மாவு நாலு மணிக்கெல்லாம் பொங்கி, பாக்கெட் உப்பிவிடும். அப்போது ஒரு மளிகைக் கடைக்காரர் தினமும் நூறு பாக்கெட் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். ஆனால் ஐந்து நாள் புளிக்காமல் இருக்க வேண்டும். அதற்கு என்ன கலக்கலாம் என்பதையும் அவரே சொன்னார். நான் அன்றாடம் விற்றதே அறுபது பாக்கெட்தான், கடன் தவணை வேறு. சுவரில் இருந்த வரியைப் பார்த்தேன். அது எதற்குமே தடை சொல்லவில்லை. கடைக்காரரும் வாடிக்கையாளர்தானே? அம்மாதான், "அஞ்சு நாள் மாவுல நீ என்னைக்காவது இட்லி ஊத்தியிருக்கியா?" என்று கேட்டார். மறுத்துவிட்டேன்.

அந்த வாரமே சட்டத்தைக் கழற்றிவிட்டு இப்படி எழுதி மாட்டினேன்: "அரிசி, உளுந்து, வெந்தயம், உப்பு தவிர எதுவும் சேர்க்க மாட்டோம். இன்று அரைத்ததை இன்றே விற்போம்."

வேலை முறையே மாறியது இதற்கு அப்புறம்தான். ஒரே ஈடாக அரைப்பதை விட்டு, காலையில் ஒன்று, மதியம் ஒன்று என்று பிரித்தோம். ராத்திரி ஏழு மணிக்கு மேல் மிஞ்சுவது தெருமுனைப் பணியாரக் கடைக்குப் பாதி விலையில் போகிறது. புதிதாக வேலைக்கு வந்த பெண், நேற்றைய மாவைக் கொஞ்சம் கலந்துவிடலாமா என்று கேட்டுவிட்டு, சுவரைப் பார்த்துத் தானே நிறுத்திக்கொண்டாள்.

பெரிய அளவில் இதைப் பார்க்க வேண்டுமானால் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைப் பாருங்கள். டாக்டர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியில் ஓய்வு பெற்ற பிறகு, 1976இல், 11 படுக்கைகளோடு தொடங்கினார். நோக்கம்: தேவையற்ற பார்வையின்மையை ஒழிப்பது. 'தேவையற்ற' என்ற சொல்லை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். கண்புரை அறுவை சிகிச்சையில் சரியாகிவிடும். அப்படியிருக்க, காசில்லாததால் ஒருவர் பார்வை இழப்பது தேவையற்றதுதான். பணம் கொடுக்க முடிந்தவர்களின் கட்டணத்தில் முடியாதவர்களுக்கும் சிகிச்சை கொடுத்தார்கள். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் வெளிநாட்டிலிருந்து அதிக விலைக்கு வந்தது, அதனால் 1992இல் ஆரோலேப் என்ற நிறுவனத்தைத் தொடங்கித் தாங்களே செய்தார்கள். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு போனால் இதெல்லாம் செய்தே ஆக வேண்டியிருக்கிறது.

சரி, உங்கள் விஷயம். என் அனுபவத்தில் வங்கி மேலாளர் பார்த்தது இயந்திர விலையையும் மாத வருமானக் கணக்கையும்தான். அந்த வரி உங்களுக்காகத்தான். இதுவரை எந்த வேலையை வேண்டாம் என்றீர்கள், எதைக் கைக்காசு போட்டுப் பிரித்துத் தைத்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். உங்கள் வரி அதற்குள்தான் இருக்கும். ரவிக்கைத் தொழிலில் பெண்களுக்குப் பெரிய மனக்கஷ்டம் முகூர்த்தத்துக்கு முதல் நாள்கூட துணி கைக்கு வராததுதான். உங்களுக்கும் அது உறுத்துகிறது என்றால், "முடிக்க முடிகிற அளவுக்குத்தான் துணி வாங்குவோம். சொன்ன தேதியில் கொடுப்போம். மிச்சத் துணியைத் திருப்பித் தருவோம்" என்று எழுதலாம்.

எழுதியதை உங்களுக்குக் கொக்கி வைத்து, ஓரம் மடித்துக் கொடுக்கும் அக்காவிடம் வாசித்துக் காட்டுங்கள். "அப்ப தீபாவளிக்கு எத்தனை வரைக்கும் வாங்கலாம்?" என்று அவர் கேட்டால், அந்த எண்ணிக்கையையும் சேர்த்து எழுதிவிடுங்கள்.