தண்ணீரில் நின்ற வண்டியின் செல்ஃபை அழுத்தாதீர்கள்

தொண்டியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "வரும் நவம்பரில் நானும் என் நண்பரும் ஆளுக்கொரு பைக்கில் தேவிபட்டினம், ராமநாதபுரம், கீழக்கரை, சாயல்குடி வழியாகத் தூத்துக்குடிக்கும் அங்கிருந்து திருச்செந்தூருக்கும் போவதாக இருக்கிறோம். அடைமழைக் காலத்தில் வண்டி தண்ணீரில் நின்றுபோனால் இன்சூரன்ஸ் பணம் வருமா என்று வீட்டில் கேட்கிறார்கள். என் வண்டி 2022 டிசம்பரில் வாங்கியது. ஷோரூமிலேயே ஐந்து வருட இன்சூரன்ஸ் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். நண்பருடையது 2013-இல் வாங்கியது. நாங்கள் கவலைப்பட ஏதும் இல்லைதானே?"

கவலைப்பட இருக்கிறது. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், இன்றைய நிலையில் உங்கள் வண்டிக்கு வெள்ளத்தால் என்ன சேதம் வந்தாலும் ஒரு ரூபாய்கூடக் கிடைக்காது. வாகன இழப்புகளை மதிப்பிடும் சர்வேயராகப் பல மழைக்காலங்களைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்த மாவட்டத்தில் மிக அதிகமானோரை ஏமாற்றிய சொல் "ஐந்து வருட இன்சூரன்ஸ்" என்பதுதான்.

உச்ச நீதிமன்ற உத்தரவின்படி 2018 செப்டம்பர் முதல் புதிய இருசக்கர வாகனம் வாங்குவோர் ஐந்து ஆண்டுகளுக்கான தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸை மொத்தமாக எடுத்தாக வேண்டும். உங்கள் வண்டியால் வேறொருவருக்கு உயிரிழப்போ காயமோ பொருள் நட்டமோ ஏற்பட்டால் அவருக்குக் கொடுப்பதற்கான பாதுகாப்பு அது. உங்கள் வண்டிக்கு நேரும் சேதத்துக்கு அதில் இடமே இல்லை. அதற்கென இருப்பது ஓன் டேமேஜ் என்ற பகுதி. வெள்ளம், புயல், திருட்டு, தீ, விபத்து எல்லாம் அதற்குள்தான் வரும். 2020 ஆகஸ்டுக்குப் பிறகு வாங்கிய வண்டிகளுக்கு இந்தப் பகுதி பெரும்பாலும் முதல் ஓராண்டுக்கு மட்டுமே தரப்பட்டது. ஆகவே உங்களுடைய தேர்டு பார்ட்டி 2027 டிசம்பர் வரை இருக்கும். ஓன் டேமேஜ் 2023 டிசம்பரோடு முடிந்துபோயிருக்கும். பாலிசித் தாளை எடுத்துப் பாருங்கள், இரண்டு காலங்களும் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் அச்சிடப்பட்டிருக்கும். தமிழ்நாட்டில் விற்கும் பாலிசியின் முதல் பக்கத்தில் "உங்கள் வண்டிக்கான பாதுகாப்பு இந்தத் தேதியில் முடிகிறது" என்று தமிழில் ஒரு வரியைப் பெரிதாக அச்சிட இத்தனை ஆண்டுகளில் யாருக்கும் தோன்றவில்லை என்பது எனக்கு ஆறாத கோபம். அரசின் எம்-பரிவாகன் செயலியில் இன்சூரன்ஸ் 2027 வரை செல்லும் என்று காட்டினாலும் அதை நம்பி இருந்துவிடாதீர்கள். போலீஸ்காரர் கேட்கும் தேர்டு பார்ட்டி செல்லுபடியாக இருக்கிறது என்பதற்குமேல் அதற்கு அர்த்தம் இல்லை.

இப்போது செய்ய வேண்டியது, ஓன் டேமேஜை மட்டும் தனி பாலிசியாக வாங்குவது. 2019 செப்டம்பரிலிருந்து அப்படி வாங்க வழி உண்டு. ஐந்தாண்டு பாலிசி கொடுத்த நிறுவனத்திடமே வாங்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இடையில் பாலிசி இல்லாமல் இருந்ததால் வண்டியின் படமோ வீடியோவோ கேட்பார்கள், கொடுங்கள். இந்த இடத்தில்தான் ஏஜென்டுகள் சிலர் ஒரு தந்திரம் செய்வார்கள். கிளெய்ம் வாங்காத ஆண்டுகளுக்கான போனஸ் தள்ளுபடி, பாலிசி முடிந்து 90 நாட்களுக்குள் புதுப்பிக்காவிட்டால் போய்விடும். உங்களுக்கும் அது போய்விட்டது. அதை மறைத்துத் தள்ளுபடி இருப்பதாகப் படிவத்தில் நிரப்பி, "உங்களுக்காகக் குறைத்துக் கொடுத்தேன்" என்பார் அவர். பணம் கட்டும் அன்று யாரும் கேட்கமாட்டார்கள். கிளெய்ம் கேட்கும் அன்று பழைய பாலிசியைத் தேடி எடுத்து, பொய்த் தகவல் கொடுத்தீர்கள் என்பார்கள். கையெழுத்து உங்களுடையது, ஏஜென்ட் அங்கே இருக்கமாட்டார்.

வாங்கும்போதே இன்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் இணைப்பையும் கேட்டு வாங்குங்கள். பல நிறுவனங்கள் ஐந்து ஆண்டு தாண்டிய வண்டிக்கு இதைத் தருவதில்லை என்பதால் தள்ளிப்போட வேண்டாம். ஏன் இது தேவை என்பதைப் புரிந்துகொள்ள ஊசி போடும் சிரிஞ்சை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் முனையை விரலால் அடைத்துக்கொண்டு அழுத்தினால், உள்ளே காற்று இருந்தால் தண்டு இறங்கும். தண்ணீர் இருந்தால் அசையாது. இன்ஜினுக்குள் பிஸ்டன் செய்யும் வேலையும் காற்றை அமுக்குவதுதான். காற்று போகும் வழியில் தண்ணீர் புகுந்துவிட்ட பிறகு செல்ஃபை அழுத்தினால், அமுங்காத தண்ணீரோடு மோதி பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சில நூறு ரூபாய் ஆயில் மாற்றத்தோடு முடிய வேண்டிய வேலை, இன்ஜினையே பிரிக்கும் வேலையாகிவிடும். சாதாரண ஓன் டேமேஜ் பாலிசி வெள்ளத்தால் நேரடியாக வந்த சேதத்துக்குத்தான் பணம் தரும். தண்ணீர் புகுந்த இன்ஜினை நீங்கள் முடுக்கியதால் வந்த சேதத்தைத் தொடர்விளைவு என்று ஒதுக்கிவிடும். இணைப்பு இருந்தாலும் தண்ணீர் புகுந்தது தெரிந்தே மீண்டும் மீண்டும் ஸ்டார்ட் செய்ததாகத் தெரிந்தால் வாதாடுவது கடினம். எனவே தண்ணீரில் வண்டி நின்றால் சாவியை அணைத்துவிட்டு, நியூட்ரலில் தள்ளிக்கொண்டு மேட்டுக்கு வாருங்கள். ஒருமுறை போட்டுப் பார்க்கலாமே என்ற ஆசைதான் ராடை வளைக்கிறது. கிக்கரை உதைப்பதும், தள்ளி ஸ்டார்ட் செய்வதும் அதே தவறுதான்.

இதில் ஒரு விதிவிலக்கைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் பயணத்தில் நடக்கக்கூடியது அதுவே. கீழக்கரையிலோ ஏர்வாடியிலோ இரவு தங்குகிறீர்கள். வண்டியை விடுதி வாசலில் நிறுத்துகிறீர்கள். விடியற்காலையில் பார்த்தால் சீட்டு வரை தண்ணீர் நிற்கிறது. வண்டி ஓடவில்லை, நீங்கள் தொடவும் இல்லை. இந்த நிலையில் இன்ஜின் பாதுகாப்பு இணைப்பு இல்லாவிட்டாலும், ஓன் டேமேஜ் இருந்தால், வண்டியைக் கழற்றிச் சுத்தம் செய்வது, ஆயில் மாற்றுவது, தண்ணீரில் கெட்ட மின்பாகங்களை மாற்றுவது ஆகியவை வெள்ளத்தின் நேரடிச் சேதமாகவே கருதப்பட வேண்டும். பேட்டரி, ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்குத் தேய்மானமாகப் பாதி விலையைக் கழிப்பார்கள், அது விதி. ஆனால் இந்த விலக்கு முழுவதும் "தொடவில்லை" என்ற ஒரே சொல்லில் தொங்குகிறது. தண்ணீர் வடிந்ததும் விடுதிக்காரரின் பையனோ பக்கத்துக் கடைக்காரரோ உதவி செய்வதாக நினைத்து செல்ஃபை அழுத்திவிட்டால், நேரடிச் சேதம் தொடர்விளைவாக மாறிவிடும். அதனால் தண்ணீர் நிற்கும்போதே, வண்டியின் நம்பரும் தண்ணீரின் உயரமும் சுற்றுப்புறமும் ஒரே படத்தில் தெரியும்படி படமெடுங்கள். பிறகு சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, நிறுவனத்துக்குத் தொலைபேசியில் சொல்லிப் புகார் எண் வாங்கும்வரை எவரிடமும் கொடுக்காதீர்கள்.

வண்டியைவிட மனிதர்களிடம்தான் அதிக எச்சரிக்கை தேவை. மழை விட்ட மறுநாள் ஒர்க்‌ஷாப் வாசலில் ஒருவர் வந்து நிற்பார். "வெள்ளம் என்று எழுதினால் தரமாட்டார்கள், மாடு குறுக்கே வந்து விழுந்ததாக எழுதுவோம், எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன், படிவத்தில் கையெழுத்து மட்டும் போடுங்கள்" என்பார். வருகிற பணத்தில் ஒரு பங்கு அவருக்கு. அப்படிக் கையெழுத்துப் போட்ட ஓர் இளைஞரின் வண்டியை நான் பார்வையிட்டிருக்கிறேன். ஹேண்டில் முனையிலும் ஃபுட்ரெஸ்ட்டிலும் ஒரு கீறல் இல்லை, ஆயிலைத் திறந்தால் பால் கலந்த தேநீர் நிறம், ராடு வளைந்திருந்தது. விழுந்த வண்டிக்கும் மூழ்கிய வண்டிக்கும் வேறுபாடு தெரியாத சர்வேயர் இல்லை. நான் கண்டதை எழுத வேண்டியிருந்தது, கிளெய்ம் தள்ளுபடி ஆனது. உண்மையைச் சொல்லியிருந்தால் அவரிடம் இருந்த இன்ஜின் இணைப்பே செலவின் பெரும்பகுதியை ஏற்றிருக்கும் என்பதை அவரிடம் சொன்னபோது அவர் முகம் போன போக்கை இன்றும் மறக்க முடியவில்லை. நிரப்பாத படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். அசல் ஆர்.சி.யையும் உரிமத்தையும் சரிபார்க்கக் காட்டுங்கள், விட்டுவிட்டு வராதீர்கள். புகைச் சான்று இல்லாவிட்டால் கிளெய்ம் வராது என்று பயமுறுத்திப் பணம் கேட்டால், அந்தக் காரணத்தை மட்டும் வைத்துக் கிளெய்மை மறுக்க முடியாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2020-லேயே தெளிவுபடுத்திவிட்டதைச் சொல்லுங்கள்.

உங்கள் வழியைப் பற்றி. கிழக்குக் கடற்கரைச் சாலை கடலுக்கு இணையாகப் போகிறது. உள்நாட்டுக் கண்மாய்கள் நிரம்பி மறுகால் பாய்ந்தால் அந்தத் தண்ணீர் சாலையைக் கடந்துதான் கடலுக்குப் போக வேண்டும். நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடைக் கண்மாய் என்று நம் மக்கள் சொல்லும் ஆர்.எஸ். மங்கலம் கண்மாயும், வைகை வந்து சேரும் ராமநாதபுரம் பெரிய கண்மாயும் நிரம்பியிருக்கும் நாட்களில், மேலே வானம் வெளுத்திருந்தாலும் தரைப்பாலங்களில் தண்ணீர் ஓடும். சக்கரத்தின் அச்சைத் தொடும் ஆழமென்றால் இறங்காதீர்கள். ஓடும் தண்ணீரில் அதற்குக் குறைவாக இருந்தாலும் இறங்காதீர்கள், சாலையின் ஓரம் அரித்துப் போயிருப்பது கண்ணுக்குத் தெரியாது. 2024 நவம்பர் 20 அன்று ராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் பயணத்தைத் தள்ளிவையுங்கள். உப்பளங்களை ஒட்டித் தேங்கும் தண்ணீர் உப்புநீர்; அதில் நனைந்த வண்டியை அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவாமல் விட்டு, பின்னர் வரும் துருவுக்குப் பணம் கேட்டால் தேய்மானம் என்று சொல்லி மறுத்துவிடுவார்கள்.

நின்ற வண்டியை எடுத்துவரும் செலவு இன்னொன்று. 2002-இல் நடைமுறைக்கு வந்த மோட்டார் கட்டண விதிப்புத்தகத்தில் இருசக்கர வண்டியை இழுத்து வர நிறுவனம் தருவது அதிகபட்சம் 300 ரூபாய் என்று போட்டார்கள். பொதுவான பாலிசி வாசகத்தில் அந்த 300 அப்படியே நின்றுவிட்டது. சாயல்குடிக்குத் தெற்கே ஒரு குட்டியானையைப் பிடித்து வண்டியை ஏற்றி ராமநாதபுரம் கொண்டுவர இன்று என்ன கேட்பார்கள் என்பது உங்களுக்கே தெரியும். சாலையோர உதவி என்ற இணைப்பைச் சேர்ப்பதற்கு முன், அது நீங்கள் போகும் ஊர்களுக்கு உண்மையில் வருமா என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கிளெய்மை மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். முதலில் நிறுவனத்தின் குறைதீர் பிரிவுக்கு எழுதுங்கள். 30 நாட்களில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் சரியில்லாவிட்டாலும், சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கு ஓராண்டுக்குள் மனுச் செய்யலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் வேண்டாம். இதற்கும் தரகர்கள் வருவார்கள். ஒரு தாளில் நடந்ததைத் தேதி வாரியாகத் தமிழில் எழுதத் தெரிந்த எவருக்கும் அவர்கள் தேவையில்லை.

உங்கள் நண்பரின் 2013 வண்டிக்கு ஆண்டுதோறும் தேர்டு பார்ட்டி மட்டும் புதுப்பித்து வந்திருப்பார் என்று நினைக்கிறேன். அடுத்த புதுப்பித்தலில் ஓன் டேமேஜும் சேர்ந்த முழு பாலிசி கேட்கலாம். ஆனால் அந்த வயது வண்டிக்கு நிறுவனம் ஒப்புக்கொள்ளும் மதிப்பு மிகவும் குறைவாக இருக்கும், பழுதுச் செலவு அந்த மதிப்பில் முக்கால் பங்கைத் தாண்டினால் வண்டியே முழு நட்டம் என்று கணக்கு முடித்துவிடுவார்கள். இன்ஜின் இணைப்பு கிடைப்பதும் அரிது. ஆகையால் தண்ணீர் ஓடும் தரைப்பாலத்தின் முன் நீங்கள் இருவரும் நின்றால், போகலாமா திரும்பலாமா என்பதை அவருடைய வண்டியை வைத்து முடிவு செய்யுங்கள், உங்கள் வண்டியை வைத்து அல்ல.