ஜார்ஜியா ஒயினை முதன்முறை சுவைக்கும்போது எந்த வரிசையில் குடிப்பது?

சுங்கை சிப்புட்டில் நண்பர்கள் கூடி ஜார்ஜிய ஒயின் மூன்று வகை திறக்கப் போகிறோம், எதில் தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். (காக்கசஸ் மலைப்பகுதி நாடு, அமெரிக்க மாநிலம் அல்ல.)

முதலில் ர்காட்சிதெலி. வெள்ளைத் திராட்சைதான். ஆனால் பாரம்பரிய முறையில் தோல், விதையோடு, மண்ணில் புதைத்த ‘க்வெவ்ரி’ என்னும் பெரிய மண்சாடியில் மாதக்கணக்கில் ஊறுவதால் தேன் நிறமாகி, தே ஓ கோசோங் (பாலும் சீனியும் இல்லாத தேநீர்) போலத் துவர்க்கும். கெட்டுப்போய்விட்டது என்று கொட்டிவிடாதீர்கள்! 2013இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் ஏறிய முறை இது. எல்லாப் புட்டியும் இப்படிச் செய்ததல்ல. லேபிளில் க்வெவ்ரி என்று இருக்கிறதா பாருங்கள்.

அப்புறம் சப்பெராவி. இந்தத் திராட்சைக்குச் சதையும் சிவப்பு, அதனால் ஒயின் கிட்டத்தட்ட கறுப்பாகவே தெரியும். கடைசியில் கிண்ட்ஸ்மராவுலி: அதே சப்பெராவிதான், அரை இனிப்பு.

நம்ம ஊர் வெயிலுக்குச் சிவப்பு ஒயினையும் அரை மணி நேரம் பிரிட்ஜில் வைத்தே திறங்கள்.

சம்பலை முதலிலேயே மேசையில் வைக்க வேண்டாம். துவர்ப்பும் ஆல்கஹாலும் மிளகாய் எரிச்சலைக் கூட்டும். காரமான மட்டன் வறுவல் இருந்தால், என்னைக் கேட்டால் கிண்ட்ஸ்மராவுலிதான்.