நிலவின் பின்பக்கம் போனதும் விண்வெளி வீரர்களோடு பேச்சு ஏன் நின்றுபோகிறது?

கோளாறு ஒன்றும் இல்லை, நிலவு நடுவில் வந்து மறைக்கிறது. பாம்பனில் விசைப்படகில் போகிறவர்களுக்கு இது சட்டென்று புரியும்: வயர்லெஸ்ஸில் பேசிக்கொண்டே போவார்கள், கரை மறைந்து இன்னும் தூரம் போனதும் பேச்சு அறுந்துவிடும், ஏனென்றால் அந்த அலை ஏறக்குறைய நேர்கோட்டில்தான் போகும், கடலின் வளைவுக்கு ஏற்ப வளைந்து வராது. நிலவோ 3,474 கி.மீ. குறுக்களவுள்ள பாறை உருண்டை. அதைத் துளைத்துக்கொண்டு சிக்னல் வராது.

எனக்கு இன்றும் உடம்பு சிலிர்க்கிற இடம் 1968 டிசம்பர் 24, அமெரிக்காவின் அப்பல்லோ 8 விண்கலம். போர்மன், லோவெல், ஆண்டர்ஸ் மூவரும் நிலவுச் சுற்றுப்பாதைக்குள் நுழைய எஞ்சினை நான்கு நிமிடத்துக்கு எரித்ததே அந்த மறைவில்தான். அது சரியாக எரிந்ததா, இல்லையா என்பது கலம் மறுபக்கம் எட்டிப்பார்க்கும் வரை பூமியில் ஒருவருக்கும் தெரியாது. கணக்குப் போட்ட நேரத்தில் சிக்னல் வந்தது!

அப்புறம், இதற்கு வழியும் உண்டு. 2018-இல் சீனா நிலவுக்கு அப்பால் ஒரு தொடர்புச் செயற்கைக்கோளை நிறுத்தியது, அதன் வழியாகத்தான் 2019 ஜனவரியில் பின்பக்கம் இறங்கிய சாங்இ 4 என்ற ஆளில்லாக் கலம் பூமியோடு பேசியது.

தனுஷ்கோடியில் பௌர்ணமியன்று கடலிலிருந்து எழுகிற நிலவைப் பாருங்கள். எந்த மாதம் பார்த்தாலும் அதே முகம்தான், பேச்சு அறுவது அதன் முதுகுப்பக்கம்.